பாத்ரூமை நீங்களே இடித்து டைல்ஸ் ஒட்டி முடிக்க ஒரு வழிகாட்டி

எங்கள் பாத்ரூமில் ஒரு டைல்ஸ்கூட உடைந்திருக்கவில்லை. கீழ் வீட்டு அக்கா ஒருநாள் படியேறி வந்து, "தம்பி, எங்க பாத்ரூம் சீலிங் ஈரமா இருக்கு, கொஞ்சம் வந்து பாருங்க" என்று சொன்ன பிறகுதான் எங்கள் தரைக்கு அடியில் எத்தனை நாளாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது என்று தெரிந்தது. சென்னையில் 20 வருடப் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு, எங்களுடையது மூன்றாவது மாடி. பாத்ரூம் 7 அடிக்கு 5 அடி. விசாரித்த மூன்று ஒப்பந்தக்காரர்களும் 1,25,000 முதல் 1,40,000 ரூபாய் வரை கேட்டார்கள். அவ்வளவு கையில் இல்லாததால் நானே இறங்கினேன். 45 நாள் ஆனது, 71,400 ரூபாய் செலவானது. அது போக, தரையை மட்டும் இரண்டு முறை போட வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது முறை உங்களுக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது. இடுக்குகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதைத் தடுப்பது டைல்ஸுக்கு அடியில் உள்ள பூச்சு. மேலே விழும் தண்ணீரை வெளியே அனுப்புவது தரையின் சரிவு. இந்த இரண்டும் சரியாக இருந்தால் டைல்ஸ் வரிசை நூல் பிடித்ததுபோல் இல்லாவிட்டாலும் பாத்ரூம் பல வருடம் நிற்கும்.

இடிப்பது, நீர்த்தடுப்புப் பூச்சு, டைல்ஸ் ஒட்டுவது, இடுக்கு நிரப்புவது எல்லாம் பொறுமை உள்ள யாரும் செய்யக்கூடியவை. சுவருக்குள் போகும் பைப், கழிவுக் குழாய், கீசருக்கான மின்சார வேலை ஆகியவற்றுக்கு மட்டும் பிளம்பரையும் எலெக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்கள். இதில் பிடிவாதம் வேண்டாம். வீட்டில் இன்னொரு பாத்ரூம் இல்லையென்றால் இந்த வேலையை நீங்களே செய்ய நினைக்காதீர்கள். ஒன்றரை மாதம் அக்கம்பக்கத்து வீட்டை நம்பி ஓட்ட முடியாது.

1. கடிதங்களை முதலில் வாங்குங்கள்

குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். எந்தத் தேதியில் தொடங்கி எப்போது முடிப்பீர்கள், எந்த நேரத்தில் இடிப்பீர்கள், இடிபாட்டை எந்த வழியாக இறக்குவீர்கள் என்று அதில் இருக்கட்டும். எங்கள் சங்கத்தில் காலை 10 முதல் மாலை 5 வரைதான் சத்தம் போட அனுமதி. லிஃப்ட்டில் மூட்டை ஏற்றக் கூடாது. திருப்பித் தரும் வைப்புத்தொகையாக 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். உங்கள் இடத்தில் விதி வேறாக இருக்கலாம், ஆனால் ஒப்புதலைக் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் உளியைத் தொடாதீர்கள்.

அடுத்து கீழ் வீடு. வேலை தொடங்கும் முன் அவர்கள் பாத்ரூம் சீலிங்கை, தேதி தெரியும்படி, எல்லா மூலையிலும் படம் எடுத்து அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். எந்தக் கறை பழையது, எது புதியது என்ற பேச்சு பின்னால் வராது. தண்ணீர் நிறுத்திப் பார்க்கும் சோதனை நாட்களில் அவர்கள் வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டிவரும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சுவரை இடிப்பது, கம்மோடை வேறு மூலைக்கு மாற்றுவது, உத்தரத்திலோ தளத்திலோ துளை போடுவது போன்ற ஆசைகள் இருந்தால் அது கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டிய வேலை. முதல்முறை செய்பவர் கழிவுக் குழாய் இருக்கும் இடத்திலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது நல்லது.

பில்களை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். டைல்ஸ் கடையில் மிச்சப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவும், நீர்த்தடுப்புப் பொருளுக்கான உத்தரவாதத்தைக் கேட்கவும் ஜிஎஸ்டி பில் வேண்டும். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். நான் வாங்கியபோது சிமெண்டுக்கு 28 சதவீத வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகிவிட்டது. டைல்ஸுக்கும் 18தான். கடைக்காரர் சொல்லும் விலை வரியோடு சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. டைல்ஸ் கணக்கு

என் பாத்ரூமை வைத்தே போட்டுக் காட்டுகிறேன். நான்கு சுவரின் சுற்றளவு 24 அடி. 7 அடி உயரம் வரை ஒட்டினால் 168 சதுர அடி. அதில் கதவுக்கு 17.5, வென்டிலேட்டருக்கு 3 கழித்தால் 147.5. வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் சுமார் 162. ஓரடிக்கு இரண்டடி (சரியாகச் சொன்னால் 300-க்கு 600 மில்லிமீட்டர்) டைல்ஸ் ஐந்து கொண்ட பெட்டியில் 9.69 சதுர அடி வரும். ஆக 17 பெட்டி. கூடுதலாக ஒன்று சேர்த்து 18 வாங்கினேன். தரை 35 சதுர அடி, சேதாரத்தோடு 38.5. நான்கு பெட்டி போதும் என்று கணக்கு சொன்னாலும் ஐந்து வாங்கினேன்.

மிச்சத்தில் ஒரு பெட்டியையாவது பரணில் போட்டு வையுங்கள். டைல்ஸ் ஆலைகள் நிறைந்த குஜராத்தின் மோர்பியிலிருந்து மாதம் தவறாமல் புது டிசைன் வந்துகொண்டே இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து ஒரு டைல்ஸ் உடைந்தால் அதே டிசைன் கிடைப்பது கஷ்டம்.

கடையில் பார்க்க வேண்டியவை சில உண்டு. எல்லாப் பெட்டியிலும் ஷேடு எண்ணும் பேட்ச் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வண்டியிலிருந்து இறக்கும்போது மறுபடி பாருங்கள். எனக்கு வந்ததில் இரண்டு பெட்டி வேறு ஷேடு. ஒட்டியிருந்தால் ஒரு சுவர் மட்டும் மங்கலாகத் தெரிந்திருக்கும். இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் டைல்ஸ் வளைந்திருக்கிறது. அது வேண்டாம்.

சுவருக்குச் செராமிக் போதும். எடை குறைவு, வெட்டுவது சுலபம். இரண்டடிக்கு நான்கடி டைல்ஸ் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஒற்றை ஆளால் தூக்கி மட்டம் பார்க்க முடியாது. தரைக்கு ஓரடிக்கு ஓரடி, சொரசொரப்பான ஆன்டி ஸ்கிட் டைல்ஸ். சின்ன டைல்ஸில்தான் சரிவு சரியாக வரும். வீட்டுக்கு போர்வெல் தண்ணீர் என்றால் கறுப்பு, அடர்நீலம் எல்லாம் எடுக்காதீர்கள். ஒரே வாரத்தில் உப்புக் கறை வெள்ளை வெள்ளையாகத் தெரியும்.

3. கருவிகள்

இரண்டடி ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்), மட்டப்பலகை, சாதாரணக் கரணை, பசை இழுக்கப் பல் வைத்த கரணை, ரப்பர் சுத்தியல், 2 மில்லிமீட்டர் ஸ்பேசர், உளி, சுத்தியல், நான்கு வாளி, ஸ்பாஞ்ச். டைல்ஸ் கட்டரையும் கலவை கலக்கும் மெஷினையும் நாள் வாடகைக்கு எடுத்தேன். டைல்ஸ் வெட்டும் 4 இன்ச் கிரைண்டரும் வைர பிளேடும் சொந்தமாக வாங்கிவிட்டேன்.

கண்ணாடி, கையுறை, மூடிய ஷூ, என்95 முகக்கவசம் நான்கும் இல்லாமல் இடிக்கவோ வெட்டவோ கூடாது. டைல்ஸையும் சிமெண்டையும் வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கிவிடும், கைக்குட்டை அதைத் தடுக்காது. கிரைண்டரின் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் கழற்றாதீர்கள். ஈரமான பாத்ரூமுக்குள் நின்று மெஷின் ஓட்ட வேண்டாம். பால்கனியில் வைத்து வெட்டி எடுத்து வாருங்கள்.

4. இடிப்பது

சுத்தியலைத் தொடும் முன் பாத்ரூமுக்குத் தண்ணீர் வரும் வால்வு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து மூடிப் பாருங்கள். பழைய குடியிருப்புகளில் அது மொட்டை மாடியிலோ குழாய்கள் இறங்கும் டக்டிலோ இருக்கும், துருப்பிடித்து மூடாமலும் போகும். எங்களுடையது மூடவில்லை. அதை மாற்றவே ஒரு நாள் போனது. கீசர் மின்சாரத்தையும் நிறுத்திவிடுங்கள்.

கம்மோடைக் கழற்றியதும் கழிவுத் துளையில் துணியைச் சுருட்டித் திணித்து, அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டுங்கள். தரைத் தண்ணீர் வடியும் துளையான நஹானி ட்ராப்புக்கும் அப்படியே. ஒரு கைப்பிடி சிமெண்ட் கட்டி உள்ளே விழுந்தால் மொத்தக் குடியிருப்பின் குழாயும் அடைத்துக்கொள்ளும். அதற்கான செலவும் உங்கள் தலையில்தான் வரும்.

சுவரில் மேல் வரிசையிலிருந்து கீழே வாருங்கள். டைல்ஸ் போன பிறகு சுவரை உளிப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். பொத்தென்று வெற்றுச் சத்தம் கேட்கும் இடத்திலெல்லாம் பழைய பூச்சையும் கொத்தி எடுக்க வேண்டும். தரையில் பெரிய டெமாலிஷன் மெஷின் வேண்டாம். அடியில் குழாய் போகிறது.

அடுக்குமாடி வீடுகளில் பாத்ரூம் தளத்தை மற்ற அறைகளைவிடச் சுமார் ஓரடி தாழ்த்தி, அந்தக் குழியில் குழாய் போட்டு, செங்கல் ஜல்லி நிரப்பியிருப்பார்கள். இதைத்தான் சங்கன் ஸ்லாப் என்கிறார்கள். கீழ் வீட்டில் ஒழுகுகிறது என்றால் அந்த நிரப்பலை முழுக்க எடுத்துத் தளத்தைப் பார்த்தே ஆக வேண்டும். எங்களுடையதில் ஜல்லி சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. கழிவுக் குழாயின் ஒரு ஜாயின்ட் விலகியிருந்தது. ஒழுக்கே இல்லை, பார்க்கப் பழசாக இருக்கிறது என்பதுதான் காரணம் என்றால் பழைய டைல்ஸ் மேலேயே அதற்கான பசையால் புதிது ஒட்டலாம். அப்போது தரை அரை அங்குலமாவது உயரும், கதவு இடிக்கும். ஒழுக்கு இருக்கும்போது மேலே ஒட்டுவது மட்டும் கூடவே கூடாது.

இடிபாட்டை சிமெண்ட் சாக்கில் பாதி மட்டும் நிரப்புங்கள். முழுசாக நிரப்பினால் படியில் தூக்க முடியாது. சுவரும் மேல்தரையும் 45 சாக்கு, குழியிலிருந்த ஜல்லி தனி. இதைத் தெருமுனையில் கொட்டினால் அபராதம் உண்டு. சென்னையில் 1913-க்கு அழைத்தால் மாநகராட்சி எங்கே எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொல்வார்கள். கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இடிபாட்டை அரைத்து மறுபடி பயன்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன.

5. பைப்பும் கரண்டும்

இது பிளம்பர் வேலை என்றாலும் பக்கத்திலேயே நில்லுங்கள். அளவுகளை நீங்கள் சொல்லவில்லையென்றால் அவர் பழகிய அளவில் வைத்துவிட்டுப் போய்விடுவார். எல்லா அளவும் முடிந்த சுவரிலிருந்து, முடிந்த தரையிலிருந்து எடுக்கப்பட வேண்டும். வெறும் செங்கலிலிருந்து அளந்தால் பூச்சு, பசை, டைல்ஸ் சேர்ந்து சுமார் ஒன்றரை அங்குலம் தப்பிவிடும்.

கம்மோடை முதலிலேயே வாங்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கழிவு தரைக்குள் போகும் எஸ் ட்ராப் மாடல் என்றால், சுவரிலிருந்து துளை நடுப்பகுதி வரை 9 அங்குலமா 12 அங்குலமா என்று பார்த்து வாங்க வேண்டும். சுவருக்குள் போகும் பி ட்ராப் வேறு. கடையில் அழகைப் பார்த்து வாங்கி வந்து இரண்டு நாள் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். சுடுநீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் வால் மிக்ஸரின் இரண்டு துளைகளுக்கும் நடுவே 6 அங்குலம் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே மட்டத்தில். சுவரை மூடும் முன் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

பைப் முனையிலுள்ள மரை, டைல்ஸ் முகத்தோடு சமமாக வந்து நிற்க வேண்டும். உள்ளே போய்விட்டால் குழாய் பிடிக்காது. வெளியே நீட்டினால் மூடி உட்காராது. ஒரு டைல்ஸ் துண்டைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லா முனைகளையும் டம்மி பிளக் போட்டு அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி ஒரு நாள் முழுக்க விட்டு வையுங்கள். பம்பில் அழுத்தம் காட்டும் முள் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. "அதெல்லாம் வேண்டாம் சார், நான் கேரண்டி" என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். மூடும் முன் அளவு டேப்பைச் சுவரில் ஒட்டி வைத்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். நாளைக்கு டவல் கம்பிக்குத் துளை போடும்போது பைப் எங்கே போகிறது என்று அந்தப் படம்தான் சொல்லும்.

கீசருக்குத் தனி ஒயர், 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும்.

6. நீர்த்தடுப்புப் பூச்சு

மொத்த வேலையில் அதிக நாள் எடுப்பதும், முடிந்த பிறகு கண்ணுக்கே தெரியாததும் இதுதான். அதனால்தான் எல்லோரும் இதில் நாளைக் குறைக்கப் பார்க்கிறார்கள்.

குழியைத் துப்புரவாகக் கழுவுங்கள். குழாய் சுவரையோ தளத்தையோ துளைத்துப் போகும் இடத்தைச் சுற்றிக் கொத்தி, சுருங்காத கிரவுட் (இடைவெளி நிரப்பும் கலவை) வைத்து அடையுங்கள். தண்ணீர் இறங்குவது பெரும்பாலும் இந்த வளையத்தில்தான். தரையும் சுவரும் சேரும் மூலையில் கலவையால் உள்வளைவாகப் பூசுங்கள். கொத்தனார்கள் வாட்டா என்பார்கள். நேர் மூலையில் பூச்சு விரிசல் விடும், வளைவில் விடாது.

பவுடரும் திரவமும் தனித்தனியாக வரும் இரண்டு பாகப் பூச்சு வாங்குங்கள். பெட்டியில் சொன்ன அளவிலேயே கலக்க வேண்டும். கெட்டியாக இருக்கிறதே என்று தண்ணீர் ஊற்றினால் கெட்டது. தளத்தை நனைத்து, தேங்கிய தண்ணீரைத் துடைத்துவிட்டு, முதல் பூச்சைப் பிரஷ்ஷால் ஒரு திசையில் இழுங்கள். மூலையிலும் குழாயைச் சுற்றியும் கண்ணாடி இழை வலையை ஈரத்திலேயே பதியுங்கள். அது காய்ந்ததும் இரண்டாவது பூச்சைக் குறுக்குத் திசையில். சுவரில் ஓரடி உயரம் வரையாவது ஏற வேண்டும், ஷவர் இருக்கும் பக்கம் 6 அடி வரை. கதவு வாசற்படிக்கு அடியிலும் பூசுங்கள். நிறைய பேர் அங்கே விட்டுவிட்டு, படுக்கையறைச் சுவர் ஊறுகிறதே என்று திகைக்கிறார்கள்.

மூன்று நாள் காய விட்டு, துளைகளை அடைத்து, வாசலில் சின்ன வரப்புக் கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு. 48 மணி நேரம் அப்படியே. ஆவியாகிச் சில மில்லிமீட்டர் குறையும், அதற்கு மேல் குறைந்தால் பூச்சில் ஓட்டை இருக்கிறது. கீழ் வீட்டுக்குப் போய் சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள். எங்களுக்கு முதல் சோதனையில் கழிவுக் குழாயைச் சுற்றி நகக்கண் அளவு ஈரம் தெரிந்தது. மறுபடி அடைத்து, பூசி, காயவைத்து, தண்ணீர் நிறுத்தினேன். ஐந்து நாள் கூடியது. அந்த ஐந்து நாளைக் கொடுத்திருக்காவிட்டால் கீழ் வீட்டு அக்கா மறுபடி படியேறி வந்திருப்பார்.

பிறகு குழியை நிரப்பி, மேலே கான்கிரீட் போட்டு, சரிவு எடுத்து, சுவரைப் பூசி, ஒரு வாரம் தண்ணீர் தெளித்து ஆறவிட்டு, அதன் மேலும் இதே பூச்சும் இதே சோதனையும் இன்னொரு முறை. ஆம், இரண்டு முறைதான்.

7. சரிவு

நான் தவறு செய்த இடம் இது. கண்ணால் பார்த்துச் சரிவு எடுத்தேன். டைல்ஸ் ஒட்டி முடித்துத் தண்ணீர் ஊற்றினால், கதவு ஓரத்தில் ஒரு தட்டு அளவுக்குத் தேங்கி நின்றது. 14 டைல்ஸை உடைத்து எடுத்து, அடியில் கிழிந்த நீர்த்தடுப்பை மறுபடி பூசி, திரும்பச் சோதித்து… 3,000 ரூபாயும் எட்டு நாளும் போனது. கீழே சொன்ன மொத்தச் செலவில் அந்த 3,000 சேரவில்லை, 45 நாளில் அந்த எட்டு நாளும் சேரவில்லை.

சரியான முறை இது. டியூப் லெவல் வைத்து நான்கு சுவரிலும் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் ஒரே மட்டக் கோடு போடுங்கள். இனி எல்லா அளவும் இந்தக் கோட்டிலிருந்து கீழ்நோக்கித்தான். 80 அங்குலத்துக்கு 1 அங்குலம் என்பது குறைந்தபட்சச் சரிவு. 7 அடி நீளத்துக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். கதவோரத்தில் கோட்டிலிருந்து 36 அங்குலம் என்றால் ட்ராப் இருக்கும் மூலையில் 37 அங்குலத்துக்குக் குறையாமல் வர வேண்டும். கதவோரத் தரையே வெளியறைத் தரையைவிட அரை அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும், டைல்ஸ் ஒட்டிய பிறகும். இந்தக் கடைசி நிபந்தனையை மறக்காதீர்கள். கலவை காயும் முன் மட்டப்பலகையை எல்லாத் திசையிலும் வைத்து, மேலே கோலிக்குண்டை உருட்டிப் பாருங்கள். எந்த மூலையிலிருந்து விட்டாலும் அது ட்ராப்புக்கு ஓட வேண்டும்.

8. சுவர் டைல்ஸ்

முதலில் ஒட்டாமல் திட்டம். சுவரின் அகலத்தை அளந்து, முழு டைல்ஸ் எங்கே தொடங்கி வெட்டுத் துண்டு எங்கே வரும் என்று காகிதத்தில் வரையுங்கள். இரண்டு அங்குலத் துண்டு ஒரு மூலையில் வருகிறதென்றால் தொடக்கத்தைத் தள்ளி வைத்து இரண்டு பக்கமும் அகலமான துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் சுவரில் முழு டைல்ஸ், கதவுக்குப் பின்னால் துண்டு.

கீழ் வரிசையை விட்டுவிட்டு இரண்டாவது வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். தரை சரிவாக இருப்பதால் அதை நம்பி முதல் வரிசை வைத்தால் மேலே முழுக்கக் கோணும். மட்டப்பலகையை மட்டமாகச் சுவரில் ஆணியடித்து, அதன்மேல் டைல்ஸை உட்கார வையுங்கள். ஆணி அடிக்கும் இடம் நீர்த்தடுப்புப் பூச்சு முடியும் உயரத்துக்கு மேலே இருக்கட்டும். ஷவர் சுவரில் மட்டும் ஆணி வேண்டாம், பலகையைக் கீழே முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். தரை முடிந்த பிறகு கீழ் வரிசையை அளந்து வெட்டி ஒட்டினால் அது தரை டைல்ஸின் மேல் உட்காரும், சுவரில் வழியும் தண்ணீர் தரைக்கே வரும்.

சிமெண்ட் பால் வைத்து ஒட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதற்கு டைல்ஸை ஊறவைக்க வேண்டும், கைப்பழக்கமும் வேண்டும். தண்ணீரை உறிஞ்சாத விட்ரிஃபைட் டைல்ஸை அப்படி ஒட்டினால் சில வருடத்தில் சுவரிலிருந்து கழன்று விழும். புதியவர்கள் டைல்ஸ் பசையே வாங்குங்கள். மூட்டையில் ஐஎஸ் 15477 என்ற எண்ணும் டைப் 1, டைப் 2 என்ற வகையும் அச்சிட்டிருக்கும். பாத்ரூமுக்கு நான் டைப் 2 எடுத்தேன். 20 கிலோ மூட்டை ஆறு செலவானது. பசைக்கு டைல்ஸை ஊறவைக்கக் கூடாது, பின்புறத் தூசியை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். கலக்கி, சில நிமிடம் விட்டு, மறுபடி கலக்குங்கள். ஒரு தடவைக்குக் கால் மூட்டைக்கு மேல் கலக்காதீர்கள். நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் இறுகிவிடும். இறுகியதில் தண்ணீர் ஊற்றி இளக்கினால் ஒட்டும் வலு போய்விடும், அதைக் கொட்டிவிடுங்கள். இரண்டு மூன்று டைல்ஸ் அளவுக்கு மட்டும் சுவரில் தடவி, பல் கரணையால் ஒரே திசையில் கோடு இழுத்து, டைல்ஸை அழுத்தி லேசாக நகர்த்தி உட்கார வையுங்கள். ரப்பர் சுத்தியலால் தட்டி ரசமட்டம் பாருங்கள். முதல் டைல்ஸைக் கழற்றிப் பின்புறத்தைப் பாருங்கள். பசை முழுக்கப் பரவியிருக்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வேகமாக முடியும். ஆனால் பின்னால் வெற்றிடம் இருக்கும், தண்ணீர் தங்கும், துளை போடும்போது டைல்ஸ் உடையும்.

முதல் நாள் ஒரு சுவரில் மூன்று வரிசையோடு நிறுத்துங்கள். மறுநாள் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள். வெளி மூலைகளில் 45 டிகிரி சாய்த்து வெட்டிச் சேர்ப்பது நமக்கு வராது. பிளாஸ்டிக் அல்லது ஸ்டீல் பீடிங் (ஓரப் பட்டை) வாங்கி வைத்துவிடுங்கள், சுத்தமாக இருக்கும். பைப் வரும் இடத்துக்குக் கிரைண்டரால் சதுரமாக வெட்டாமல், டிரில்லில் மாட்டும் வட்ட வைர பிட் பயன்படுத்துங்கள்.

9. தரை டைல்ஸ்

சரிவு ஏற்கெனவே கலவையில் இருப்பதால் இங்கே பசை ஒரே கனமாக இருந்தால் போதும். பசையைக் கூட்டிக் குறைத்துச் சரிவு எடுக்க முயலாதீர்கள். ட்ராப்பிலிருந்து தொடங்கிக் கதவை நோக்கிப் பின்வாங்கி வாருங்கள். ட்ராப் ஜாலி (துளையின் மேல் வைக்கும் சல்லடை மூடி), சுற்றியுள்ள டைல்ஸைவிட ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தாழ்ந்திருக்கட்டும். ஒவ்வொரு வரிசைக்கும் கோலிக்குண்டு. முடிந்தபின் 24 மணி நேரம் யாரும் கால் வைக்கக் கூடாது. கதவைப் பூட்டிவிடுங்கள்.

10. இடுக்கு நிரப்புதல்

ஒரு நாள் கழித்து ஸ்பேசரை எடுத்து, இடுக்கில் துருத்திய பசையைச் சுரண்டிவிட்டுத் தொடங்கலாம். தரைக்கும் ஷவர் சுவருக்கும் எபாக்ஸி கிரவுட் (ரெசின் கலவை), மற்ற சுவர்களுக்குச் சிமெண்ட் கிரவுட். எபாக்ஸி விலை அதிகம், ஆனால் தண்ணீர் குடிக்காது, கறுக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, சின்னப் பகுதியாகப் போட்டு, உடனுக்குடன் துடைத்துக்கொண்டே வாருங்கள். அரை மணி நேரம் விட்டால் டைல்ஸ் மேல் படிந்த பூச்சைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. சுவரும் தரையும் சேரும் மூலைகளில் கிரவுட் வேண்டாம், சிலிக்கான் சீலன்ட். மிச்சக் கறையைப் போக்க ஆசிட் ஊற்றச் சொல்வார்கள். ஊற்றினால் சிமெண்ட் கிரவுட்டை அது அரித்துவிடும்.

11. பொருத்துதல்

குழாய், வாஷ்பேசின் எல்லாம் பிளம்பர் அரை நாளில் முடித்துவிடுவார். கம்மோடைச் சிமெண்ட் வைத்துப் பதிக்க விடாதீர்கள். போல்ட்டும் சிலிக்கானும் போதும். நாளை அடைப்பு வந்தால் உடைக்காமல் கழற்றலாம்.

12. செலவும் நாளும்

டைல்ஸ் 11,400. பசை 2,900. நீர்த்தடுப்புப் பூச்சும் வலையும் 3,500. சிமெண்ட், எம் சாண்ட், பி சாண்ட் (கல்லை அரைத்து எடுக்கும் மணல்) 3,900. கிரவுட் 2,900. பைப்பும் இணைப்புகளும் 6,500. பிளம்பர், எலெக்ட்ரீஷியன் கூலி 10,000. கம்மோடு, பேசின், குழாய்கள் 21,000. கருவிகள், வாடகை 5,800. இடிபாடு இறக்கி ஏற்றி அனுப்ப 3,500. மொத்தம் 71,400. கையில் இன்னொரு 10,000 தனியாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பழைய வால்வு, விலகிய ஜாயின்ட் மாதிரி ஏதாவது கட்டாயம் வரும். விலைவாசி ஊருக்கு ஊர் மாறும், கூலி அதைவிட மாறும்.

45 நாளில் கை வேலை 20 நாள்தான். மற்றதெல்லாம் காய்வதற்கும் ஆறுவதற்கும் தண்ணீர் நிறுத்திப் பார்ப்பதற்கும். அலுவலகம் போகிறவர்கள் வார இறுதியில் உழைத்து வார நாளில் காயவிட்டால் கணக்கு சரியாக வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்காதீர்கள், பூச்சு காயவே காயாது. தீபாவளிக்கு முந்தைய மாதம் பிளம்பர் கிடைப்பது கஷ்டம். பொங்கல் முடிந்த பிறகு தொடங்குவது எல்லா வகையிலும் வசதி.

எபாக்ஸி போட்டு ஒரு வாரம் கழித்து முழுசாகப் பயன்படுத்தத் தொடங்கலாம். முதல் மாதம் வாரம் ஒருமுறை கீழ் வீட்டு சீலிங்கைப் போய்ப் பாருங்கள். பைப் படங்கள், பில்கள், ஷேடு எண் எழுதிய பெட்டி அட்டை மூன்றையும் ஒரே உறையில் போட்டு, பரணில் உள்ள மிச்ச டைல்ஸ் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.